காணிக்கை வாய்பாடு: "டெடெத் பெத்" என்பதில் உள்ள அந்த "த்" யாருடையது?

நாணற்புதர் (இழை தொடங்கியவர்)

மத்திய எகிப்திய மொழி, நினைவுக்கல் பாணியில் ஒரு பயிற்சி வரி; இறந்தவருக்குப் படையல் கேட்கும் காணிக்கை வாய்பாடு. பறவைகளும் மனிதர்களும் வலப்பக்கம் பார்க்கிறார்கள், எனவே வலமிருந்து இடமாகப் படித்தேன். என் வாசிப்பு:

சுத்-ஹெதெப்-ஆ உசிர் நெப் ஜெடு நெச்செர் ஆ நெப் ஆப்ஜு, ஆ=எஃப் பெரெத்-ஃகெரு தெ ஹெனெகெத் காஉ ஆபெடு ஷெஸ் மென்ஃகெத், ஃகெத் நெபெத் நெஃபெரெத் வாபெத், டெடெத் பெத் கெமாத் தா இனெனெத் ஹாபி, ஆன்ஃகெத் நெச்செர் இம், என் கா என் இமாஃகு இன்தெஃப் மா-ஃகெரு, மெஸ் என் செனெத்.

என் மொழிபெயர்ப்பு: "... எவற்றை வானம் கொடுக்கிறதோ, எவற்றை நிலம் படைக்கிறதோ, எவற்றை வெள்ளம் கொண்டுவருகிறதோ, எவற்றின் மூலம் ஒரு கடவுள் வாழ்கிறாரோ, அந்த ஒவ்வொரு நல்ல தூய பொருளும்..."

சிக்கல் நான்கு.

1. முதல் குழுவுக்குப் பொருளே வரவில்லை.
2. பெத் (வானம்) பெண்பால், அதனால் வினையில் த் வந்தது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் தா (நிலம்) ஆண்பால். அதற்கும் ஏன் த்? இனெனெத்தில் இரண்டு ன் இருப்பது கல்லில் வெட்டியவர் செய்த பிழையா?
3. இம் என்ற சொல் எதோடும் சேராமல் தொங்குகிறது.
4. "மெஸ் என் செனெத்" என்றால் செனெத்துக்குப் பிறந்தவர் என்றா?

---

கல்தச்சன்

முதலாவதைத் தீர்த்துவிடலாம். இரண்டு தவறு சேர்ந்து வந்திருக்கிறது.

அந்தக் குழு ஒலிக்கும் வரிசையில் எழுதப்படவில்லை. மன்னரையோ கடவுளையோ குறிக்கும் சொல்லைக் குழுவின் தலையில் வைப்பது எழுத்து மரியாதை, வாசிக்கும்போது அது தன் இடத்துக்குத் திரும்பிவிடும். "மன்னன் மகன்" என்பதிலும் மன்னர் முன்னால் எழுதப்படுவார், வாசிப்பு "சா-நெசு". கடவுளின் பூசாரிக்கும் அப்படித்தான், எழுதுவது நெச்செர்-ஹெம், படிப்பது ஹெம்-நெச்செர். உங்கள் குழு கல்லில் நெசு, ஹெதெப், டி என்று நிற்கிறது. வாசிக்க வேண்டியது ஹெதெப்-டி-நெசு.

குறிகளைக் கார்டினர் எண்ணோடு (கார்டினரின் குறிப்பட்டியலில் அந்தக் குறிக்கு உள்ள எண்) சொல்கிறேன். முதலில் நிற்பது கோரை (எம் 23). அதனடியில் உள்ள சிறிய ரொட்டி (எக்ஸ் 1) நெசுவைச் சேர்ந்த த். அடுத்தது பாய்மேல் ரொட்டி (ஆர் 4), அதுவே ஹ்த்ப் என்ற மூன்று மெய்யையும் தரும். அதன்கீழ் இன்னொரு எக்ஸ் 1, பக்கத்தில் பீடம் (கியூ 3) இருந்தால் அவை த், ப் என்று நினைவூட்டும் துணை ஒலிகள், தனியாகப் படிக்கக்கூடாது. குழுவில் இரண்டு ரொட்டி இருக்கும்போது எது யாருடையது என்று பிரிக்காமல் போனால் "சுத்" என்ற இல்லாத சொல் பிறக்கும்.

இரண்டாம் தவறு கை. வெறும் முழங்கை (டி 36) என்றால் ஆ. கையில் கூம்பு ரொட்டி இருந்தால் (டி 37) அது "டி", கொடு. தேய்ந்த கல்லில் அந்த ரொட்டிதான் முதலில் மறையும். எனவே இந்த வாய்பாட்டில் ஹெதெப்புக்குப் பின்னாலோ "=எஃப்" (அவர் என்னும் ஒட்டு) என்பதற்கு முன்னாலோ ஒரு கை நின்றால் அது டி 37 என்றே தொடங்குங்கள். சில கற்களில் கையே இல்லாமல் கூம்பு ரொட்டி (எக்ஸ் 8) மட்டும் இருக்கும், அதுவும் "டி"தான்.

கூடுதலாக ஒன்று: ஹெதெப் முன்னும் டி பின்னுமாக எழுதியிருப்பது 12-ஆம் வம்சப் பழக்கம். டி முன்னால் வந்து ஹெதெப் பின்னால் போவது அதற்குப் பிந்திய இரண்டாம் இடைக்காலத்தில் பரவிய பழக்கம். காலம் கணிக்க இது ஒரு சான்று, தனித்து நிற்கும் சான்று அல்ல.

---

ஒற்றெழுத்து

இழை நீளும்போல் தெரிகிறது, எழுத்துமுறையை இப்போதே ஒத்துக்கொள்வோம். நாம் நடுவில் போடும் "எ" எல்லாம் வாய் அசைவதற்காகப் போட்டது, எகிப்தியன் எழுதியது அல்ல. எலும்புக்கூடு காட்டவேண்டிய இடத்தில் புள்ளி வைத்து எழுதலாம்: ஹ்த்ப், ந்ஃப்ர், ந்ச்ர். உயிர் இல்லை என்பதைக் கண்ணுக்குக் காட்ட நம் புள்ளியைப்போல் வசதியான கருவி வேறில்லை. உண்மையான உயிரொலி எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எகிப்திய மொழியின் கடைசிக் கட்டமான காப்டிக்கைப் பார்க்கவேண்டும். நெச்செர் அங்கே "நூதெ". கடைசி ர் விழுந்துவிட்டது, நாம் போட்ட இரண்டு "எ"வும் முன்னாலேயே பொய்.

ஃக் என்று எழுதுவது தொண்டையில் உரசும் ஒலி. ச் என்பது ரொட்டி த்-இலிருந்து வேறான, கயிற்றுக் குறியால் எழுதும் ஒலி. "ஆ" இரண்டு உண்டு, கழுகு ஆ ஒன்று, முழங்கை ஆ ஒன்று. முழங்கை ஆ அரபியின் அய்ன். இரண்டும் மெய்யெழுத்து. அகராதியில் இவற்றைக் குழப்பினால் சொல் கிடைக்காது: கழுகு ஆ வரிசையின் முதல் எழுத்து, முழங்கை ஆ நாணல் இலைக்குப் பிறகு வரும்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு விரிவாகப் பிறகு எழுதுகிறேன். அதுவரை அந்த "எவற்றை... அவற்றை" மொழிபெயர்ப்பை அழித்துவிடுங்கள்.

---

ஒற்றெழுத்து

சரி, த் விவகாரம்.

நாணற்புதர், விடையை நீங்களே கேள்விக்குள் வைத்திருக்கிறீர்கள். நான்கு வினைகளை அடுக்கிப் பாருங்கள்.

டெடெத் பெத்: எழுவாய் வானம், பெண்பால்.
கெமாத் தா: எழுவாய் நிலம், ஆண்பால்.
இனெனெத் ஹாபி: எழுவாய் நைல் வெள்ளத்தின் தெய்வம், ஆண்பால்.
ஆன்ஃகெத் நெச்செர்: எழுவாய் கடவுள், ஆண்பால்.

நான்கிலும் த். எழுவாய்க்கு ஏற்ப வருவதாக இருந்தால் மூன்றில் வந்திருக்கக்கூடாது. ஆகவே த் எழுவாயைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி ஃகெத் (பொருள்) என்ற பெண்பால் பெயரைப் பார்க்கிறது. நெபெத், நெஃபெரெத், வாபெத் என்ற மூன்று அடைகளும் அதே ஃகெத்துக்காகத்தான் த் ஏற்றன. முதல் வினைக்கு மட்டும் வானம் எழுவாயாக அமைந்தது தற்செயல், அந்தத் தற்செயலில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

இந்த வடிவத்துக்குப் பெயர் தொடர்பு வடிவம். ஐரோப்பிய மொழி வழியாகக் கற்பவர்களுக்கு இது பெரிய மலை, ஏனென்றால் அவர்கள் மொழியில் "எது" என்ற இணைப்புச் சொல் இல்லாமல் ஒரு பெயருக்கு வாக்கியத்தையே அடையாக்க முடியாது, அப்படி முடிந்தாலும் குறுகிய இடங்களில்தான். நமக்கு இது பெயரெச்சம்.

வானம் தரும் பொருள்.
நிலம் படைக்கும் பொருள்.
வெள்ளம் கொணரும் பொருள்.

எழுவாய் உள்ளேயே இருக்கிறது, இணைப்புச் சொல் இல்லை, வினை நேரே பெயரைப் பற்றிக்கொள்கிறது. எகிப்தியத்தில் பெயர் முன்னும் வினை பின்னும் வரும், தமிழில் வினை முன்னும் பெயர் பின்னும். கண்ணாடியில் பார்ப்பதுபோல. "எவற்றை... அவற்றை" என்று எழுதினீர்கள் அல்லவா, அது எகிப்தியத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. நீங்கள் படித்த பாடப்புத்தகத்தின் மொழியில் இருந்தது.

இப்போது இனெனெத். வினையடி இன்ய், கொண்டுவா. கடைசி மெய் வலுவற்றது, பெரும்பாலும் எழுத்தில் தெரியாது. இந்த வகை வினைகளில் வழக்கமாக நடக்கும் செயலைச் சொல்லும் தொடர்பு வடிவத்துக்கு நடு மெய் இரட்டிக்கும்: இன் → இன்ன். ர்ட்ய் (கொடு) இன்னும் முரடு, ர் விழுந்து ட் இரட்டித்து "டெட்" ஆகும். அதனால்தான் டெடெத்தில் கைக் குறியோ கூம்பு ரொட்டியோ இரண்டு தடவை நிற்கிறது. வெட்டியவர் பிழை செய்யவில்லை. அந்த இரட்டிப்பை ஒற்றையாக்கித் "திருத்தினால்" நீங்கள்தான் இலக்கணத்தை வெட்டி எறிகிறீர்கள். வெள்ளம் ஆண்டுதோறும் கொணர்வது, வானம் எப்போதும் தருவது என்ற பொருளே அந்த இரட்டிப்பில்தான் இருக்கிறது. தமிழில் "கொடுத்த", "கொடுக்கிற" இரண்டும் வேண்டாம், "கொடுக்கும்" போடவேண்டும் என்று சொல்வதும் அதுதான்.

கெமாவில் இரட்டிப்பு இல்லையே என்று கேட்பீர்கள். அது அந்த வகை வினை இல்லை, அதன் மூன்று மெய்யும் வலுவானவை. இரட்டிப்பை எல்லா வினையிலும் தேடக்கூடாது.

இம்: "அதனால், அதில்" என்று பொருள்படும். முழுதாக எழுதினால் இம்=எஸ், அதாவது "அந்தப் பொருளால்". வானம் தரும் பொருள் என்றால் பொருள் நேரடிச் செயப்படுபொருள், எதுவும் மிச்சமில்லை. கடவுள் உயிர்வாழும் பொருள் என்றால் "ஆல்" உருபு ஒன்று காணாமல் போகிறது. தமிழ் அதை விழுங்கிவிடும், "கத்தியால் வெட்டினான்" என்பது "வெட்டிய கத்தி" ஆனபோது ஆல் எங்கே போனது? எகிப்தியம் விழுங்காது, கடைசியில் இம் என்று வைத்துவிடும். உங்கள் மொழிபெயர்ப்பில் அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. இலக்கணம் பிரிக்கும்போது மட்டும் விட்டுவிடக்கூடாது.

---

செங்கதிர்77

அப்படியானால் எகிப்தியம் தமிழிலிருந்து போனது என்று ஏன் சொல்லக்கூடாது? பெயரெச்சமே ஒத்துப்போகிறதே!

---

கல்தச்சன்

கூடாது. எகிப்தியம் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பம், அரபி, எபிரேயம், பெர்பர் மொழிகள் அதன் உறவு. மெய் வேர், பெண்பால் த், ஒட்டாக வரும் மூவிடப்பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கத்துச் சொத்து. பெயரெச்சம் போன்ற அமைப்பு ஜப்பானியத்திலும் துருக்கியிலும் உண்டு. செங்கடல் கரையில் குசைர் அல்-கதீமில் தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது உண்மைதான். அவை பொது ஆண்டின் முதல் நூற்றாண்டு வாக்கில் வணிகர் விட்டுச்சென்றவை. நாம் பேசும் மொழிக்கட்டத்துக்கு ஏறக்குறைய 2000 ஆண்டு பிந்தியவை. இந்த இழையில் இது போதும்.

ஒற்றெழுத்து அண்ணனுக்கும் ஒரு ஆட்சேபம். பெயரெச்சம் என்று சொல்லிக்கொடுப்பது பாதி தூரம்தான் போகும். தமிழ்ப் பெயரெச்சம் பால் காட்டாது: தரும் பொருள், தரும் மனிதன். தொடர்பு வடிவம் பால் காட்டும். அதைவிட முக்கியம், ஃகெத் என்ற பெயரே இல்லாமல் "டெடெத் பெத்" தனியாக வந்தாலும் அது "வானம் தருவது" என்று பெயராகவே நிற்கும். அப்போது அதற்கு நிகர் வினையாலணையும் பெயர். பெயரெச்சம் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே இல்லாத பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்.

நான்காவது கேள்வியும் இதே வடிவம்தான். "மெஸ் என் செனெத்" என்று இடம்விட்டு எழுதாதீர்கள். மெஸ்.என் செனெத். அந்த என் "க்கு" அல்ல, முடிந்துபோன செயலைக் காட்டும் ன். செனெத் பெற்ற இன்தெஃப். தமிழில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தந்தை பெயர் வரும்போது இர்.என் என்று இருக்கும், "செய்த". சிலர் இதைச் செயப்பாட்டு எச்சம், பிறகு வேற்றுமை ன் என்று பிரிப்பார்கள். ஆள் யார், தாய் யார் என்பது அதனால் மாறாது.

கல் ஒரு பெண்ணுக்கு என்றால் மெசெத்.என் ஆகும். வரிசையைக் கவனியுங்கள், முதலில் பால் த், பிறகு கால ன். நம் "பெற்றது"வில் காலம் முன்னே, பால் பின்னே.

---

ஒற்றெழுத்து

ஏற்றுக்கொள்கிறேன், வினையாலணையும் பெயரைச் சொல்லாமல் விட்டது என் குறை.

ன் பற்றி ஒரு வரி. இந்த வாய்பாட்டில் நெளிநீர்க் குறி (என் 35) மூன்று வேலை செய்கிறது. "என் கா என் இமாஃகு" என்பதில் முதல் என் "க்கு", எப்போதும் மாறாது. இரண்டாம் என் "உடைய", முன்னால் உள்ள பெயர் பெண்பால் என்றால் நெத் ஆகும், ஆண்பால் பன்மையில் நெவ் ஆகும். மெஸ்.என்-இல் உள்ளது காலம். ஆகவே "இமாஃகுவின் (மதிப்புக்குரியவரின்) காவுக்கு (உயிராற்றலுக்கு)". எகிப்திய வரிசையை வாலிலிருந்து தலைக்குப் படித்தால் தமிழ் வரிசை வந்துவிடும்.

---

நாணற்புதர்

இரட்டிப்பு புரிந்தது, நன்றி. ன் இறந்தகாலம் என்றால் வேறு ஒரு வரி இடிக்கிறது. விரித்த இரண்டு கைகள் (டி 35), பிறகு ரெஃக்.என்=எஃப். "அவன் அறியவில்லை" என்று எழுதினேன், விடைத்தாளில் "அவன் அறிய மாட்டான், அறியான்" என்று இருக்கிறது. ன் எங்கே போனது?

---

ஒற்றெழுத்து

இது தனி இழைக்கு உரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்மறையில் காலம் இடம் மாறிக்கொள்ளும். பேட்டிஸ்கோம் கன் 1924-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியதால் இதைக் கன் விதி என்பார்கள்.

ந் செஜெம்=எஃப்: கேட்கவில்லை.
ந் செஜெம்.என்=எஃப்: கேளான், கேட்க இயலாதவன்.
நென் செஜெம்=எஃப்: இனிக் கேட்கமாட்டான்.

நடுவில் உள்ளது காலம் காட்டாத எதிர்மறை. "கேளான்", "அறியான்" என்ற நம் பழைய எதிர்மறை வினைமுற்று அப்படியே பொருந்தும், நேற்றும் இன்றும் நாளையும் அவன் கேளான். விரித்த கைக்குக் கீழே நெளிநீர் இருக்கிறதா என்று பார்த்தபிறகே காலத்தை முடிவு செய்யுங்கள். இருந்தால் நென், இல்லையேல் ந். பாதி பிழை அந்த ஒரு குறியைப் பார்க்காமல் வருவது.

---

மேலைக்கரை

முதல் குழுவுக்கே திரும்பலாமா? ஹெதெப்-டி-நெசு உசிர் (ஒசிரிசு கடவுள்) என்பதை "உசிருக்கு மன்னர் தரும் காணிக்கை" என்று எல்லோரும் எழுதுகிறோம். கல்லில் "க்கு" எங்கே? உசிருக்கு முன்னால் நெளிநீர் இல்லை.

---

கல்தச்சன்

நல்ல பிடி. பழைய அரசுக் காலக் கல்லறைகளில் "ஹெதெப்-டி-நெசு, ஹெதெப்-டி-இன்பு" என்று இரட்டையாக வரும்: மன்னர் தரும் காணிக்கை, அனுபிசு தரும் காணிக்கை. அங்கே கடவுள் வாங்குபவர் அல்ல, மன்னரோடு சேர்ந்து கொடுப்பவர். இரண்டாவது ஹெதெப்-டி தேய்ந்து கடவுளின் பெயர் மட்டும் மிஞ்சியது என்று பார்த்தால் "க்கு" இல்லாதது வியப்பல்ல.

பிறகு டி=எஃப் சேர்ந்தது. அதன் பொருள் "அவர் தருவதற்காக", "அவர் தருவாராக". இந்த இடத்தில் நடைமுறை தெளிவாகிறது: மன்னர் கோயிலுக்குக் கொடுக்கிறார், கடவுள் முன் படைத்தது திரும்பி இறந்தவரின் காவுக்குப் போகிறது. டி=எஃப் இருக்கும் கல்லில் உசிரை வாங்கித் தருபவராக வைத்து "க்கு" போடுவதில் தவறில்லை. ஆனால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், கல்லில் இல்லாததை இருப்பதுபோல் எழுதக்கூடாது. கடவுளர் இருவர் என்றால் டி=சென் ஆகிறதா என்று சரிபாருங்கள். டி=எஃப்-இல் இரட்டிப்பு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விருப்பம் காட்டும் வடிவம், டெட்=எஃப் என்று வந்தால் பொருளே வேறு.

---

மேலைக்கரை

பெரெத்-ஃகெரு ஒரே குறியாக (ஓ 3) வந்தால் உள்ளே உள்ள ரொட்டியையும் பீர்ச்சாடியையும் படிக்கலாமா, விடலாமா?

---

கல்தச்சன்

அந்தக் கூட்டுக்குறியில் வீடு பெர், துடுப்பு ஃகெரு. உள்ளே உள்ள ரொட்டி, சாடியை வெளியே தனியாகத் தெ, ஹெனெகெத் எழுதியிருந்தால் படிக்கவேண்டாம். வெளியே இல்லாமல் நேரே எருதுத்தலை (எஃப் 1), வாத்துத்தலை (எச் 1) தொடங்கினால் உள்ளே இருப்பவற்றையே தெ ஹெனெகெத் என்று படியுங்கள். பெரெத் என்பது "வெளிவருதல்", தொழிற்பெயர். இந்த வகை வினைக்குத் தொழிற்பெயர் த் ஏற்கும், இதற்கும் பெண்பால் ஒட்டுக்கும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குரல் வெளிவருதல், அதாவது வாய்விட்டு அழைத்துப் படைப்பது. பொருள்களுக்குமுன் தாமரைத் தண்டு (எம் 12) நின்றால் ஆயிரம்: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்.

---

நாணற்புதர்

திருத்தியது:

"மன்னர் (ஜெடுவின் தலைவரும் பெருங்கடவுளும் ஆப்ஜுவின் தலைவருமான உசிருக்குத்) தரும் காணிக்கை. ரொட்டி, பீர், எருது, கோழிவகை, வெண்பளிங்கு, துணி, வானம் தரும், நிலம் படைக்கும், வெள்ளம் கொணரும், கடவுள் உயிர்வாழும் நல்ல தூய பொருள் எல்லாம் குரல்படையலாக, செனெத் பெற்ற, குரல் மெய்யான இமாஃகு இன்தெஃபின் காவுக்கு அவர் தருவாராக."

---

ஒற்றெழுத்து

அடைப்புக்குறி தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. உசிரும் அவர் பட்டங்களும் கல்லில் உண்டு. அடைப்புக்குள் போகவேண்டியது "(க்கு)" மட்டும். மற்றபடி ஓடுகிறது.

மா-ஃகெருவை "குரல் மெய்யான" என்று போட்டது சரி. இது "மனசு நல்லவன்" வகைத் தொடர். நல்லது மனசு, ஆனால் விகுதி ஆளுக்கு. ஃகெரு ஆண்பால்தான், இருந்தும் பெண்ணுக்கு வரும்போது மாஆத்-ஃகெரு ஆகும், த் அந்தப் பெண்ணுக்காக. உங்கள் வரியின் கடைசியில் செனெத்துக்குப் பிறகு இன்னொரு மா-ஃகெரு தேய்ந்து நிற்கிறதா பாருங்கள். நின்றால் அதில் ஒரு ரொட்டியைத் தேடுங்கள். த் இருந்தால் அது தாயுடைய பட்டம். இல்லை என்றால் உடனே மகனுக்குக் கொடுத்துவிடவேண்டாம், இடம் போதாத வரிக்கடைசியில் த் விடுபடுவது சாதாரணம்.

---

நாணற்புதர்

நிற்கிறது. ரொட்டியும் இருக்கிறது, அதைச் செனெத் என்ற பெயரின் த் என்று நினைத்து அங்கே சேர்த்து எண்ணியிருந்தேன்.